ஆறு இலக்கம்

லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே டயர் கடை,
அதற்கு மேல் மாடி.
படி முழுக்க ரப்பர் வாடை.
எங்கள் தோட்டத்திலிருந்து பாலாகப் போனது
தேய்ந்து திரும்பி வந்த வாடை.
அப்பா செருப்பைக் கீழேயே விட்டார்.
கோயிலா இது, என்றேன்.
பேசாமல் வா, என்றார்.

அரசுக் கடன் கிடைத்துவிட்டது.
கடிதம் என் பையில் இருந்தது,
மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம் என்று மலாயில்.
பணம் வர ஐந்து மாதம்.
கல்லூரி கொடுத்தது ஐந்து நாள்.
இரண்டு ஐந்துக்கும் நடுவில்
ஒரு மேசை, கழுத்தொடிந்த விசிறி,
தவுக்கே சூன்.

அரசு நிறையக் கேட்டது.
பிறப்புப் பத்திரம், முத்திரை ஒட்டிய ஒப்பந்தம்,
உத்தரவாதி இருவர்.
ஒருவர் அப்பா.
மற்றவர் செம்பனை ஆலையில் எடைபோடும் வைரக்கண்ணு.
வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றவர்
மூன்று நாள் வேறு வழியாக வேலைக்குப் போனார்.
நாலாம் நாள் அவரே வந்து போட்டார் கையெழுத்து.
டீ வேண்டாம் என்றுவிட்டார்.

சூன் கேட்டது ஒன்றே ஒன்று:
அப்பாவின் ஏடிஎம் அட்டை, எண்ணோடு.
அப்பா குரலைத் தணித்துச் சொன்னார்:
செம்பிலான், சத்து, கோசோங்,
லாப்பான், சத்து, துஜோ.
ஒன்பது ஒன்று, சுழியம் எட்டு, ஒன்று ஏழு.
நான் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது என் பிறந்தநாள்.
என் அடையாள அட்டையும் அந்த ஆறில்தான் தொடங்குகிறது.
அரசுப் பாரத்தின் முதல் கட்டத்தில்
காலையில்தான் எழுதியிருந்தேன்.

வட்டி என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை.
அரசு ஊழியக் கட்டணம் என்றது.
சூன் கோப்பிக் காசு என்றார்.
சம்பள நாளில் வங்கி வாசலில்
அவர் ஆள் கட்டு அட்டைகளோடு நிற்பான்,
சீட்டுக் கலைக்கப் போகிறவன் மாதிரி.
பத்து வெள்ளிக்குக் குறைந்தால் இயந்திரம் துப்பாது.
அதனால் அந்த ஏழு வெள்ளி நாற்பது காசு
எந்த மாதமும் எங்களுடையதாகவே இருந்தது.

அப்பா போன அன்று சூன் வந்தார்.
சாம்பல் நிறச் சட்டை. அம்மாவின் முன் குனிந்து நின்றார்.
வெள்ளை உறையில் ஐம்பத்தொரு வெள்ளி.
சொந்தக்காரர் பலர் அவ்வளவு வைக்கவில்லை.
பதினாறாம் நாள் கழிந்து அட்டையைத் திருப்பித் தந்தார்:
செத்தவர் அட்டையில் சம்பளம் ஏறாது, அமோய்.
உன்னுடையதைக் கொண்டு வா.

அரசு வரவில்லை.
பதினொரு மாதம் கழித்து எழுதியது:
என்சிக் அர்ச்சுனன் அவர்களுக்கு,
உத்தரவாதி என்ற முறையில்,
பதினான்கு நாளுக்குள்.
அம்மா அதை அப்பா படத்துக்குப் பின்னால் செருகினாள்.
அவருக்கு வந்ததுதானே.

கடன் கட்ட சிங்கப்பூரில் வேலை தேடினேன்.
ஜொகூர் பாருவில் குடிநுழைவு முகப்பு,
விடியாத நேரம், பின்னால் நூறு மோட்டார் சைக்கிள்.
அதிகாரி என் எண்ணைத் தட்டினார்,
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கடன் இருக்கிறது, போக முடியாது, என்றார்.
அதற்காகத்தான் போகிறேன், என்றேன்.
அவருக்கும் மகள் இருக்கும் போல.
மன்னிப்புக் கேட்கிற குரலில் 'அடுத்தவர்' என்றார்.

ஊர் திரும்பிய மாலை
வைரக்கண்ணு வாசலில் நின்றார்.
கையில் அதே மாதிரி உறை, பிரிக்காமல்.
திட்டுவார் என்று நின்றேன்.
உள்ளே வந்து உட்கார்ந்து,
டீ போடும்மா, என்றார்.

இப்போது ஆலையில் அவர் பக்கத்து மேசை எனக்கு.
முதல் சம்பளத்துக்குக் கணக்குத் திறக்கப் போனேன்.
ஆறு இலக்கம் தட்டுங்கள் என்ற வங்கிப் பெண்
பிறந்த தேதி மட்டும் வேண்டாம், என்றாள்,
யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

விரல் ஒன்பதின் மேல் இருந்தது.