ஈரப்பதம்

தரக்குழு வருகிறது.
மூன்று பேர், மூன்று மாநிலம்,
திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரே வெள்ளைக் கார்.
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
எப்படியும் அரைமணி நேரம் நிற்பார்கள் என்று
அதற்கு எதிரிலேயே கட்டினோம் பேனரை:
‘காவிரிப் படுகையின் கேம்பிரிட்ஜ்.’
‘காவிறி’ என்று அச்சாகி வந்ததைத்
திருத்தி அனுப்பியவன் நான்.
கேம்பிரிட்ஜைத் தொடவில்லை.

ஐந்து வருடத்துக் கோப்புகளை
ஐந்து வாரத்தில் எழுதினோம்.
நடக்காத கருத்தரங்குக்கு
நானே தலைமை தாங்கினேன்,
நன்றியும் நானே சொன்னேன்.
கையெழுத்து ஒன்றுபோல் இருக்கக் கூடாதென்று
கணிதத் துறை இருதயமேரி
நாலு விதப் பேனா வாங்கிவந்தார்.
பழைய தேதி போட்ட தாள்கள்
புதிதாய் மினுங்கின.
டீத்தண்ணீர் தெளித்து மாடியில் காயவைத்தோம்.
காற்றடித்தது.
ஒரு வருடத்து ஆகஸ்ட் முழுக்கப் பறந்துபோய்
வாய்க்காலில் விழுந்தது.

நர்சரியிலிருந்து நாள்வாடகைக்கு
இருநூறு தொட்டி.
ஆடாதொடைக்கு நிலவேம்பின் பலகை,
நிலவேம்புக்குத் தூதுவளையின் பலகை.
நட்டவர் தாளாளர் என்பது மட்டும்
எல்லாவற்றிலும் பிழையில்லாமல் இருந்தது.

கல்லூரிச் சாலையில் குறுவை நெல்.
பதினேழுக்கு மேல் ஈரம் என்று
கொள்முதல் நிலையம் திருப்பி அனுப்பியது.
கார் வருது, அள்ளிடுங்க
என்று சொல்லப் போனவனும் நான்தான்.
கழுத்து அட்டையில் உதவிப் பேராசிரியர்,
சம்பளப் பட்டியலில் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் வந்து மூன்று மாதமாகிறது.

காலால் நெல்லைக் கிளறியபடியே
கேட்டார் வைரக்கண்ணு:
“ஒங்க காலேசுக்கும் கிரேடு போடுறாங்களா?
எங்களுக்கு ஒரு கை நெல்லு எடுத்துப் பாப்பான்.
ஒங்களுக்கு?”
ரெண்டு நாள் பார்ப்பாங்க என்றேன்.
“அப்ப நல்லாக் காயவைங்க.”

அவர் மகள் செங்கொடி எங்கள் மாணவி,
இரண்டாம் ஆண்டு இயற்பியல்.
நடவுக்குப் போன நாள்களிலும்
பதிவேட்டில் வகுப்பில் இருந்தாள்.
தொண்ணூற்று நான்கு சதவீதம்.
குழுவிடம் பேச நாங்கள் பொறுக்கிய பன்னிரண்டு பேரில்
அவள் இல்லை.
ஒருத்திக்கு அம்மை கண்டுவிட,
அந்த நாற்காலி காலியாகத் தெரியக் கூடாதென்று
பிடித்து உட்காரவைத்தோம்.

கல்லூரியின் சிறப்பு என்ன என்றார்கள்.
பதில் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது,
நான் எழுதியது.
அவள் தமிழில் சொன்னாள்:
“பொண்ணுங்க கழிப்பறைக்குப் போன செவ்வாக்கெழம
தாப்பா போட்டாங்க சார்.
ஒன்றரை வருசமா
ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய
கதவப் புடிச்சிக்கிட்டு நிப்போம்.
நீங்க அடிக்கடி வாங்க.”

முதல்வர் மொழிபெயர்த்தார்:
மாணவியர் நலனில்
நிர்வாகத்தின் அக்கறையைப் போற்றுகிறாள்.
குழுத் தலைவர் குறித்துக்கொண்டார்.
ஓரத்தில் இருந்த ஒடிசா அம்மையார்
பேனாவை மூடிவிட்டு
செங்கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தேநீர் இடைவேளையில் கழிப்பறைக்குப் போனார்.
தாழ்ப்பாள் விழும் சத்தம்
வராந்தா வரைக்கும் கேட்டது.
திறந்தது.
மறுபடி விழுந்தது.

ஏ பிளஸ்.
கேட்டடியில் பத்தாயிரம் வாலா,
தாளாளர் முகத்தோடு ஐந்தடி கேக்.
நர்சரி வண்டி தொட்டிகளை ஏற்றிப்போனது.
பருவக் கட்டணம் நாலாயிரம் ஏறிற்று,
தரத்துக்கு ஏற்ப
என்று சுற்றறிக்கை. அதுவும் என் தமிழ்.

வைரக்கண்ணு நெல்லுக்கு
மெஷின் இருபது காட்டியதாம்.
வியாபாரிக்குத் தள்ளிவிட்டார்,
மூட்டைக்கு இருநூறு குறைத்து.

அந்தப் பணத்தோடு செங்கொடி
கட்டண ஜன்னலில் நின்றாள்.
ரசீதில் புது முத்திரை, வட்டமாக, ஊதா நிறத்தில்.
மடிச்சிடாதம்மா, காயட்டும்
என்றார் காசாளர்.
வாயால் ஊதிக்கொண்டே
வகுப்புக்குப் போனாள்.