கள்ளத்தளம்

எருத்தேம்பதிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில்
பதினேழு வருஷம் கோழி அடைந்த வண்டி.
ஃபார்கோ. ஐம்பத்தாறாம் வருஷத்துப் பிக்கப்.
விலை கேட்டதும் கண்டமுத்தன்
என்னைப் பார்க்கவில்லை, கோழிகளைப் பார்த்தார்.
"அதுகளும் சேத்தியா, சேக்காமயா?"

எண்பதாயிரத்தில் தொடங்கி
அறுபத்திரண்டில் நின்றது.
ஆர்சி புத்தகத்தில் கரையான் விட்டுவைத்த
இரண்டரை எழுத்து யார் பெயரென்று
அவருக்கும் தெரியவில்லை.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம்.
பிரேக் இல்லாத வண்டியில்
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
முன்னால் இழுக்கிறவனை நம்பி உட்கார்ந்திருப்பது
என் கல்யாணத்துக்குப் பிறகு
இதுதான் இரண்டாம் தடவை.

வேலந்தாவளத்தில் ஹம்ஸாவின் ஷெட்.
மலையாளத்தில் திட்டுவான்,
தமிழில் கணக்குச் சொல்வான்.
"டீசல் இன்ஜின் தூக்கி வச்சா நாளைக்கே ஓடும்."
வேண்டாம் என்றேன்.
அதே ஆறு சிலிண்டர், அதே பெட்ரோல்,
காலால் மிதிக்கிற அதே ஸ்டார்ட்டர்.
"அப்ப பங்க்கையும் பின்னாடி கட்டிக்கிட்டுப் போங்க."

ஆம்ப்பியர் முள் உக்கடத்துப் பழைய இரும்பில் கிடைத்தது.
முன்கண்ணாடியை வெளியே தள்ளும் கைப்பிடிக்கு
நான்கு மாசம்.
நெற்றியில் பதித்த உலக உருண்டையில்
ஒரு நசுங்கல் இருந்தது.
தட்டி எடுக்கவா என்றான்.
இருக்கட்டும், உலகம்தானே.

பிரசன்னன் தண்ணீர் விட்டுத் தேய்த்தான்.
பச்சைக்கு அடியில் நீலம்,
நீலத்துக்கு அடியில் காவி,
காவிக்கு அடியில், கதவில்,
பாதி மலையாளமும் பாதி தமிழுமாக
ஒரு சோடா கம்பெனி.
அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு
டீ குடிக்கப் போனான்.

பின்தட்டில் பலகை மாற்ற அளந்தபோதுதான்
கணக்கு இடித்தது.
வெளியே அளந்தால் ஒன்று, உள்ளே அளந்தால் ஒன்று,
நடுவில் நாலு விரல் காணோம்.

பெயர்த்தோம்.
தகரம். தகரத்துக்குக் கீழே இன்னொரு தளம்.
இரண்டுக்கும் நடுவே சணல் நார், எலிப்புழுக்கை,
மூலையில் ஒரு பிடி அரிசி,
பல்லில் பட்டால் பல் உடையும்.

சோடா கம்பெனி அரிசி கடத்தியதா,
அரிசி கடத்தத்தான் சோடா கம்பெனியா?
ஹம்ஸா ஒரு மணியை எடுத்து
வெளிச்சத்துக்குக் காட்டினான்.
"அந்தக் காலத்துல உங்க பக்கத்து அரிசி
ராத்திரிலதான் இந்தப் பக்கம் வரும்.
எங்க வீட்டுலயும் பொங்கியிருப்பாங்க."

நான் வைத்திருந்த கையேட்டின் ஜெராக்ஸில்
இப்படி ஒரு தளமே இல்லை.
"ஒரிஜினல் வேணும்னா இதைப் பிச்சு எறியணும்,"
பிரசன்னன் உளியோடு நின்றான்.
குனிந்து ரிவெட்டுகளை எண்ணினேன்.
நூற்றிப் பதினொன்று. ஒன்றுகூடக் கோணவில்லை.
யாரோ அரிக்கேன் வெளிச்சத்தில்
சத்தம் வராமல் சாக்கை மூடி
ஒவ்வொன்றாய் அடித்திருக்கிறான்.
கம்பெனிக்காரன் இவ்வளவு பார்த்துச் செய்யவில்லை,
ரேடியேட்டர் போல்ட் இரண்டு
பிறந்ததிலிருந்தே சாய்வு.

உளியை வாங்கி வைத்தேன்.
அரிசியை என்ன செய்ய என்று சுகந்தியிடம் கேட்டேன்.
"கோழிக்குப் போடுங்க. அதுகளோட வண்டிதானே."
போட்டேன்.
அவை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன.

முதல் ஓட்டம், கோபாலபுரம் செக்போஸ்ட்.
காக்கிப் பையன் ஒருவன்
சுற்றி வந்து படமெடுத்துக்கொண்டான்.
பிறகு லத்தியால் பின்தட்டைத் தட்டினான்.
டொம் என்றது.
இன்னொரு முறை தட்டினான்.
"உள்ளே எந்தா?"
ஒன்றுமில்லை.
உண்மையைத்தான் சொன்னேன்,
குரல் எதற்கோ நடுங்கியது.

போகச் சொல்லிக் கை காட்டினான்.
ஸ்டார்ட்டரை மிதித்தேன். இருமியது. மிதித்தேன்.
பின்னால் லாரிகள் ஹாரன்.
கடைசியில் அவனும் இன்னொரு கார்டும்
தொப்பியைக் கழற்றி பானெட்டில் வைத்துவிட்டு
தோள் கொடுத்துத் தள்ளி
எல்லையைத் தாண்டி விட்டார்கள்.

தொப்பியோடு அரை பர்லாங் போய்
திரும்பி வந்து கொடுத்தேன்.