முந்நூறு சதுர அடி

சமையலறை மேசையில் ஏழு மாதிரிப் பலகைகள்.
மூன்று வாரமாக
அவற்றை ஒதுக்கித்தான் தட்டு வைக்கிறோம்.

பிரேசில் செர்ரிக்கு நல்ல நிறம்.
எந்தக் காட்டில் யார் வெட்டியது என்று கேட்டால்
கடைக்காரர் விலையைக் குறைக்கிறார்.
மூங்கில் ஐந்தே வருடத்தில் வளர்ந்துவிடுமாம்,
பிறகு ஒரு கடல், அரைக் கண்டம் தாண்டி
லாரியில் வின்னிபெக் வரவேண்டும்.
பச்சை இலை முத்திரை குத்திய ஓக்கைத்
திருப்பிப் பார்த்தான் ஓரெஸ்ட்.
ஒட்டிய பசையின் பெயர் பொடி எழுத்தில்.
முகர்ந்தான். தும்மினான்.
"மேலே நடக்கத்தானே போகிறோம், ஹால்டோரா,
பெண்ணா கொடுக்கப் போகிறோம்?"

நான் பதில் சொல்லவில்லை.
சன்னலுக்கு வெளியே நகராட்சி ஆட்கள்
நடைபாதை ஆஷ் மரத்தில்
ஆரஞ்சுச் சாயத்தால் எண் போட்டுக்கொண்டிருந்தார்கள்:
நான்கு நான்கு ஒன்று ஏழு.
உச்சி போன கோடையிலேயே மொட்டை.
மரகதப் பச்சையில் ஒரு வண்டு,
நெல்மணி நீளம் இருக்கும், அவ்வளவுதான்.
எங்கள் தெருவில் மட்டும் அறுபது மரம்.

எல்லாம் தூளாகத்தான் போகும் என்றார் மேற்பார்வையாளர்.
தூளாவதற்குள்
லாவலே என்ற பெண்ணைப் பிடித்தேன்.
ஊருக்கு வெளியே சின்ன அறுவை ஆலை,
புழுவைச் சாகடிக்கும் சூட்டில் ஓர் உலர்த்தும் அறை.
"பட்டைக்கு அடியில் கிறுக்குவதோடு சரி,
அது மரத்துக்குள் போகாது" என்றாள்.
ஓக்கைவிடக் கூடுதலாக ஒரு விலை சொன்னாள்.
அதில் முக்கால்வாசியைத்தான்
ஓரெஸ்டிடம் சொன்னேன்.

எங்கள் மரம் போதாமல் எதிர்வீட்டு மரமும் சேர்ந்தது.
பதினோரு வாரம்
வெறும் பிளைவுட்டில் காலுறையோடு வாழ்ந்தோம்.
சிம்பு ஏறாத நாளில்லை,
மீதிக் கால்வாசி விலையும் ஒருநாள் வெளியே வந்தது.

பாலேட்டு நிறத்தில் வந்து இறங்கின பலகைகள்.
ஒன்றில் மட்டும்
கொத்தாகக் கருநீலப் புள்ளிகள், துரு கசிந்த தடம்.
மரம் விழுங்கிய சின்ன ஆணிகள்.
பழைய சாமான் விற்பனை, பியானோ வகுப்பு,
வாடகைக்கு அறை,
காணவில்லை.
இதைக் குளிர்பெட்டிக்கு அடியில் போடலாம் என்றான்.
சற்றுப் பொறுத்து,
"ஓர் ஆணி என்னுடையதாக இருக்கலாம்" என்றான்.
நான் இந்த வீட்டுக்கு வருமுன்
அவனிடம் ஒரு பூனை இருந்ததாம்.
பதினாலு வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறேன்.
பலகையை வாசல் பக்கம் போட்டோம்.

ஒன்றை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.
மரம் நின்ற இடத்தில் இப்போது வானம்.
நான்கு மணிக்கு மேற்கு வெயில்
கேட்பாரில்லாமல் உள்ளே வந்து
தரையில் முழு நீளத்துக்குப் படுத்துக்கொள்கிறது.
இத்தனை வருடம் அதை வெளியே நிறுத்தி வைத்தது
இப்போது அதற்குக் கீழே கிடக்கிறது.
சன்னலோரம் ஏற்கெனவே தேன்நிறம்.
நாற்காலியை நகர்த்தினால்
நான்கு கால்களுக்கும் வெள்ளைப் பொட்டு.

திரை போடவேண்டும்.
சணலா, பருத்தியா,
பருத்திக்கு எத்தனை வாளித் தண்ணீர் என்று
மேசைமேல் இப்போது துணித் துண்டுகள்.