ஒரு சாண்

கோடியக்கரை ரேஞ்ச் ஆபீஸின் பின்புறம்
சிமெண்ட் மேடையில் கிடத்தியிருந்தார்கள்.
வெளிமான், ஆண். கொம்பில் நாலு திருகு.
வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்க மேடம்
என்றார் சித்திரவேல், தார்ப்பாயை விலக்கி.

நுழைந்த துளை புளியங்கொட்டை அளவு,
கடைசி விலாவுக்கும் பின்னால்.
கத்தி இறங்கியதும் முதலில் வந்தது
ரத்த வாடை இல்லை.
அரைபட்ட புல்லின் வாடை,
சேற்றில் மிதித்த பசுந்தழை போல.
இரைப்பை கிழிந்திருந்தது. குடலில் இரண்டு ஓட்டை.
குடைக்காளானாய் விரிந்த ஈயத்தைக்
காலி ஜாம் பாட்டிலில் போட்டேன்.
இதயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.
அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

சாக எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்க
படிவத்தில் கட்டம் கிடையாது.
சித்திரவேல்தான் அடி பார்த்துப் போனவர்:
உப்பளத்து வரப்பில் குளம்பு,
பாத்திக்குள் இறங்கி, மறுபடி ஏறி,
கருவைக்குள் படுத்து, எழுந்து, படுத்து,
ரெண்டு கிலோமீட்டர்.
வயிற்றில் பட்டது தண்ணீர் தேடும்.
உப்புத்தண்ணியில் வாய் வைத்திருக்கிறது.
ஆறு இந்த வருஷமும் கடைமடைக்கு வரவில்லை.

“சாண் வயித்துக்குத்தான்” என்று
காலையில் வாக்குமூலம் கொடுத்த அகோரம்
ஜன்னலோரம் டீ குடித்துக்கொண்டிருந்தான்.
அவன் வந்தது பொலிரோவில்.
டெலஸ்கோப் மாட்டிய துப்பாக்கி
சீட்டுக் கட்டி மேசைமேல் கிடந்தது.
“எங்க பட்டிருக்கு?” என்றான்.

சொல்லியிருக்கக் கூடாது.
முன்னங்கால் முட்டிக்கு ஒட்டினாற்போலப் பின்னாடி,
நெஞ்சிலிருந்து மூணுல ஒரு பங்கு ஒசரம்.
அங்கே பட்டிருந்தா அம்பது அடி ஓடியிருக்காது.
நீ ஒரு சாண் தள்ளிச் சுட்டிருக்கே.

மார்க் குறைந்த மாணவன்போல் தலையாட்டினான்.
“அழுத்துறப்போ ஒரு எட்டு வச்சிடுச்சு மேடம்.”

என் கோபம்
அவன் சுட்டதற்கா, சரியாகச் சுடாததற்கா?
பேனாவை மூடி, திறந்து, மூடினேன்.
காரணம்: உள் ரத்தக்கசிவு, அதிர்ச்சி.
கையெழுத்து. முத்திரை. மூன்று நகல்.

சாயங்காலம் ஆயக்காரன்புலத்திலிருந்து ஒருவர்
சினைப்பசுவை ஓட்டிவந்தார்,
ரெண்டு நாளாய்த் தீனி எடுக்கலை என்று.
இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால்
ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.
பதினேழு வருஷமாய் வைக்கிற இடம்.
என் கை
ஒரு கணம் அதைவிட்டு விலகி, திரும்ப வந்தது.
எண்ணத் தொடங்கினேன்.
பதினொன்று, பன்னிரண்டு,
பசு ஒரு எட்டு எடுத்துவைத்தது.