துங்காபி ஆற்றுப்படை

பசித்து வரும் பாணனைப்
பரிசில் பெற்று மீள்பவன் வழியில் மறித்து
இன்ன ஊர், இன்ன வள்ளல், இப்படிப் போ என்பது
நம் பழைய வழக்கம்.
ஆகவே சுகிர்தன்,
வண்டிக்கு இன்னும் ஆறு நிமிடம்,
கோப்பி ஆறுமுன் சொல்லிவிடுகிறேன்.

வள்ளல் இல்லை இப்போது.
தேரும் இல்லை, முல்லைக் கொடியும் இல்லை.
உள்ளது ஒரு படிவம், பதினொரு பக்கம்.
அதன் வாயிற்காவலன் கேட்பது
நீ மறந்துபோன கடவுச்சொல்.

பரமட்டாவில் இறங்கு. ஆற்றுப் பக்கம் நட.
செங்கல் கட்டடம், இரண்டாம் மாடி.
மாதத்தின் முதல் வியாழன் மாலை
விண்ணப்பம் எழுதப் பழக்குகிறார்கள், இலவசம்.
பழைய பாட்டில் கொழுத்த இறைச்சியும் கள்ளும் வரும் இடம் இது;
இங்கே முட்டை சான்ட்விச்,
முக்கோணமாய் வெட்டியிருக்கும்.
மூன்று எடுத்துக்கொள்.
ஒருவரும் எண்ணுவதில்லை.

முதல் பக்கத்தில் ஒரு கட்டம்:
எந்தப் பருவத்துக் கலைஞர் நீங்கள்?
எனக்கு நாற்பத்தாறு.
இருபது வருடமாய் லினோலியத்தில் உளி ஓட்டுகிறேன்,
முதியோர் இல்லத்துச் சமையலறையில்
கரட் நறுக்கும் அதே கையால்.
'அரும்பும் கலைஞர்' என்பதில் குறியிட்டேன்.
நரை அரும்பியிருந்தது, பொய்யில்லை.

உங்கள் படைப்பு சமூகத்துக்கு என்ன செய்யும்,
இருநூறு சொல்லுக்குள்.
பழைய சைலன்சரில் கொக்கு செய்கிறேன் என்று எழுது.
எந்தக் கராஜ், எவ்வளவு துரு,
கழுத்தை வளைக்க எத்தனை நாள் என்று எழுது.
பாலம், வேர், அடையாளம் என்று
எழுதி எழுதி
நான் இரண்டு முறை தோற்றேன்.

மூன்றாம் முறை தோற்றது வேறு விதம்.
வரவு செலவுப் பட்டியல்:
மை நூற்றெண்பது. தாள் நானூற்றுப் பத்து.
அச்சுப்பொறி வாடகை, சட்டம் போடுபவர், படம் எடுப்பவர்,
மண்டபம் கூட்டுபவருக்குக்கூட மணிக்கணக்கு.
கடைசி வரியில் 'கலைஞர் ஊதியம்'.
சுழியம் போட்டேன்.
போடும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது;
குறைத்துக் கேட்டால்
நல்ல மனுஷி என்று கொடுப்பார்கள்.

மறுப்பு வந்த வாரம்
தொலைபேசியில் காரணம் கேட்டேன்.
(கேட்கலாம். இதை யாரும் சொல்வதில்லை.)
பிரான்வின் என்றொருத்தி, தடிமன் பிடித்த குரல்,
தாள் புரட்டும் சத்தம், பிறகு சொன்னாள்:
உங்கள் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை.
இந்த வேலையில் நீங்கள் இருக்கப்போவதில்லையோ என்று
குழுவில் ஒருவர் கேட்டார்.

பின்கதவில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்,
ஏப்ரனோடு நின்றேன்.
வெங்காயம் வெட்டும் நேரம் என்பதால்
உள்ளே வந்தபோது
ஒருவரும் ஒன்றும் விசாரிக்கவில்லை.

நான்காம் முறை
மணிக்கு நாற்பத்தெட்டு டொலர் என்று எழுதினேன்.
அழித்தேன். முப்பது.
அதையும் அழித்தேன்.
மறுபடி நாற்பத்தெட்டு.
சமையலறையில் எனக்கு முப்பத்தொன்று, தெரியுமா?
கூச்சத்தில் காது சுட்டது.

கிடைத்தது.
யானை வரவில்லை, பொற்றாமரை வரவில்லை.
ஒன்பதாயிரத்து இருநூறு.
அதில் முதலில் வாங்கியது மை அல்ல,
பதினாறு செவ்வாய்க்கிழமைகள்.
முதல் செவ்வாய் முழுக்கத் தூங்கினேன்.
அறிக்கையில் அதை
'ஆய்வு' என்று காட்டியிருக்கிறேன்.

இதோ வண்டி.
கொக்கை வெயிலில் வைத்துப் படம் எடுக்காதே, பளபளக்கும்.
மாலை ஐந்துக்கு மூடிவிடுவார்கள், நள்ளிரவு என்று நம்பாதே.
கடைசி வரியை முதலில் நிரப்பு.

கதவு மூடுகிறது,
கண்ணாடிக்குப் பின்னால் நீ ஏதோ கேட்கிறாய்,
எத்தனை என்றா?
நாற்பத்தெட்டு என்கிறேன்.
கேட்கவில்லை உனக்கு.
நாற்பத்தெட்டு!
நடைமேடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது.