எட்டரைப் பேர்ச்

பிரம்டனிலிருந்து தம்பி கேட்டிருக்கிறான்:
பேர்ச் என்ன விலை, ஒழுங்கை எத்தனை அடி,
வாடகைக்கு விட்டால் மாதம் எவ்வளவு தேறும்,
ஐந்து வருடத்தில் இரட்டிக்குமா.
காசு அவனுடையது.
குடியிருக்கப்போவது நான்.
ஹெந்தளைச் சந்தியில் இறங்குகிறேன்.

தரகர் லயனல் குடையோடு நிற்கிறார்,
வெயிலுக்காம்.
கோட்டைக்கு இருபத்தைந்து நிமிடம் என்கிறார்.
போன திங்கள் இவருக்குச் சொல்லாமல் வந்து
ஏழு மணி பஸ்ஸில் தொங்கிப் பார்த்தேன்.
ஒரு மணி பத்து நிமிடம்,
பாலத்திலேயே நாற்பது.
"அது திங்கட்கிழமை, மிஸ்" என்கிறார்,
திங்கட்கிழமை எங்கிருந்தோ வந்து
திரும்பிப் போய்விட்ட விருந்தாளி போல.

கடல் கிட்ட. காற்று நல்லது.
அந்தக் காற்று
மூன்று வருடக் கேற்றுகளைத் தின்றிருக்கிறது.
ஒழுங்கை முனையில் மாதா சிலைக்கு விளக்கு எரிகிறது.
பக்கத்துக் கம்பத்தில் பல்பே இல்லை.
ஒன்பது மணிக்கு வேலை முடித்து வருகிறவள்
மாதாவின் வெளிச்சத்தில்தான் சாவி தேட வேண்டும்.

கடையில் அரைக்கிலோ பருப்பு வாங்கினேன்.
"எந்த ஊர்?"
வெள்ளவத்தை.
"அது இருக்கிற இடம். ஊர்?"
இந்தக் கேள்வி என்ன குரலில் வருகிறது என்பதையும்
நான் விலையில் சேர்ப்பதுண்டு.
சொன்னேன். தலையாட்டினார்.
தராசு சரியான பிறகும் ஒரு பிடி அள்ளிப் போட்டார்.
எழுதிக்கொண்டேன்.

பிறகு, வீடு.
எட்டரைப் பேர்ச், இரண்டு அறை, ஒரு பலாக்கன்று,
கால்வாயிலிருந்து எண்பது எட்டு.
(லயனல் நூற்றைம்பது என்றார். அவர் கால் சிறிதாக்கும்.)
குடியிருப்பவள் மெரில்டா.
எங்கே போனாலும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்பேன்,
தாகத்துக்கு அல்ல.
அவள் போத்தலிலிருந்து ஊற்றித் தந்தாள்.
குழாயில் விடியற்காலை நாலு மணிக்குத்தான் வருமாம்,
அதுவும் இருமியபடி.

குளிர்சாதனப் பெட்டி சீமெந்துக் கட்டிகள் மேல்
மேடைப் பேச்சாளர் போல நிற்கிறது.
ப்ளக் பொயின்ட் எல்லாம் என் தோளுயரத்தில்.
"கரப்பானுக்கு" என்றார் லயனல்.
மெரில்டா சிரிக்கவில்லை.
அவர் போன் பேச வெளியே போனதும்
கதவுக்குப் பின்னால் சுவரைக் காட்டினாள்.
பென்சில் கோடு, இடுப்பளவு.
"இது வரைக்கும் வந்தது மிஸ். வாங்காதீங்க."

பென்சில் புதிது.
நேற்றுக் கீறியது போல மினுங்குகிறது.

நான் வாங்கினால் அவள் போக வேண்டும்.
ஒன்பது வருடம். மகளுக்கு ஓ.எல். டிசம்பரில்.
லயனலுக்கு நூற்றுக்கு மூன்று.
இந்த வீட்டில்
எனக்கு உண்மை சொல்லி
லாபமடையக்கூடியவர் யாருமில்லை.

குனிந்து பார்த்தேன்.
பெட்டியின் அடிக்காலில் துரு,
பழைய துரு, நாலு விரல் உயரம்.
அதை யாரும் கீற முடியாது.
இடுப்பளவு இல்லை,
இல்லவே இல்லை என்றும் இல்லை.

தம்பி எடுக்கிறான். அங்கே இரவு ஒன்றரை.
"என்ன மாதிரி?"
"ஐப்பசியில இன்னொருக்கா வந்து பாக்கவேணும்."
"அதுக்குள்ள விலை ஏறிடும், அக்கா."
"ஏறட்டும். தண்ணியும் எவ்வளவு ஏறுதெண்டு பாப்பம்."
அவன் ஏதோ கணக்குப் போடும் சத்தம்,
அல்லது ஹீட்டர்.

மெரில்டா வாசல் வரை வந்தாள்.
நான் குடித்த தம்ளர் இன்னும் கையில்.
கோட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை.
"மழைக்கு வாறதெண்டா
செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு வாங்க,
பலாக்கன்றுப் பக்கம் மேடு, அதால வாங்க."
கேற்று சாத்தவில்லை. துரு.
அதையும் எழுதினேன்,
கூட்டுவதா கழிப்பதா தெரியாமல்.