இரண்டாவது ஆணி

ரௌமா கப்பல் தளத்தில்
பதினொரு ஆண்டாக
கப்பல்களின் அடிவயிற்றுக்குப் பெயின்ட் அடிக்கிறேன்.
செம்புத்தூள் கலந்த சிவப்பு.
கொட்டலசு ஒன்று கடலில் வந்து கன்னம் வைத்துப் பார்த்தால்
கசந்துபோய் வேறு கப்பல் தேட வேண்டும்.
அதற்குத்தான் சம்பளம்.

போன மார்ச்சில்
பனி உறைந்த சாரத்திலிருந்து விழுந்தேன்.
முழங்காலுக்குக் கீழே எலும்பு
தோலைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தது.
உள்ளே டைட்டானியம் ஆணி இறக்கினார்கள்.
பிர்ச் மரங்கள் துளிர்த்தபோது தையலோரம் ஈரம்.
ஜூனில் சீழ்.
நள்ளிரவிலும் அணையாத வெளிச்சத்துக்குத்
திரையை இழுத்துவிட்டு
என் காலின் வாடையோடு படுத்திருந்தேன்.
பூனை அடுத்த அறைக்குக் குடிபெயர்ந்தது.

டாக்டர் ஹில்ப்பா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"யார் முதலில் வந்து ஒட்டுகிறார்கள் என்கிற பந்தயம் இது.
உன் செல்களை முந்திவிட்டன கிருமிகள்.
வந்த கையோடு பிசினில் ஒரு கூரை வேய்ந்துகொண்டன.
மருந்து அதன்மேல் பெய்து
வழிந்து போகிறது."

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் அந்தக் கூட்டத்தை
எனக்கா தெரியாது?

ஆணியை உருவினார்கள்.
ஆறு வாரம் எலும்புக்குள்
மருந்து குழைத்த சிமென்ட் குச்சி.
அடுத்து வைக்கப்போவது பூச்சு உள்ள ஆணி,
புதியது, சோதனையில் இருப்பது,
சம்மதமா என்றார்.

எத்தனை கோட்? எத்தனை மைக்ரான்?
பூசுமுன் மணல் வீசிச் சுத்தம் செய்தார்களா?
எப்படிக் காயவைத்தார்கள்?

டாக்டர் பேனாவை மூடினார்.
"தெரிந்தவனை அனுப்புகிறேன்."

வியாழக்கிழமை இல்ப்போ வந்தான்,
ஆய்வகத்துப் பையன், காதில் உறைபனிச் சிவப்பு.
சட்டைப்பையிலிருந்து நாணயம் போல ஒரு தகடு எடுத்தான்.
நகத்தால் கீறினேன்.
உரியவில்லை.
"சுத்தம் செய்வதே பாதி வேலை" என்றேன்.
"முக்கால்" என்றான்.
அப்போதுதான் அவனை நம்பினேன்.

"உங்கள் பூச்சு எவரையும் ஒட்ட விடாது.
இது ஆள் பார்த்துக் கதவு திறக்க வேண்டும்.
மேலே வெள்ளி. சில வாரம் கசிந்து கிருமியை விரட்டும்.
பிறகு தீர்ந்துவிடும்.
தீரத்தான் வேண்டும்,
காவலாளி தங்கிவிட்டால் வீட்டுக்காரரையே அடிப்பான்.
அடியில் சுண்ணாம்புச் சத்து.
எலும்பு அதைத் தன் சொந்தம் என்று நினைத்துப்
பற்றிக்கொள்ளும்."

"நினைக்குமா?"

"ஆடுகளுக்கு நினைத்தது."

சிரித்ததில் கால் வலித்தது.
கையெழுத்துப் போட்டேன்.

டிசம்பர் படத்தில்
ஆணியைச் சுற்றி
ஆறிய பாலில் ஆடை படர்ந்தது போல ஒரு வெண்மை.
டாக்டர் எதுவும் சொல்லவில்லை,
படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

ஏப்ரலில் ஊன்றுகோலோடு தளத்துக்குப் போனேன்.
உலர்துறையில் பழைய மீன்பிடிக் கப்பல்.
யாரோ பூச்சு விட்டுவிட்ட ஓரத்தில்
உள்ளங்கையகலம் கொட்டலசு.
குந்த முடியாமல் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து
சுரண்டினேன்.
ஒவ்வொன்றும் போகையில்
இரும்பில் ஒரு சுண்ணாம்பு வட்டத்தை விட்டுப் போனது.
அதுவும் அதே சுண்ணாம்பில்தான் கட்டுகிறது,
அதே பிடிவாதத்தோடு.

சுரண்டுவதை நிறுத்தவில்லை, சம்பளம் சம்பளம்தான்.
ஆனால் இடது கையை
முழங்காலுக்குக் கீழே வைத்திருந்தேன்,
உள்ளே ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு
இந்தச் சத்தம் கேட்காதபடி.